பச்சைப் பெட்டிக்குள் அடங்கிய சத்தம்

மாதா கோயில் தெரு, எண்ணூர்
12 ஜூன் 2025

சில்வியா கண்ணுக்கு,

எழுதுவது உன் நைனா லியோனார்ட். யாரையும் உட்கார வைத்து நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கவில்லை. என் கை, என் எழுத்து. முதல் வரியை எழுதி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. போகட்டும்.

கிறிஸ்துமஸ் அன்று நீ சாப்பிடாமல் ஷில்லாங்குக்குக் கிளம்பிப் போனாய். "இந்த வூட்ட வுட்டு வா நைனா, கேஸ் கசிஞ்சா சைரன்கூட உனக்குக் கேக்காது" என்று கத்தினாய். உன் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன். கப்பலில் துரு உரித்த சுத்தியல் என் காதில் பாதியைத் தின்றுவிட்டது. போனில் நீ பேசினால் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. உனக்குப் பதில் சொல்ல வேறு வழி இல்லை என்றுதான் மாதா கோயில் கூடத்தில் சாபிரா டீச்சர் நடத்தும் முதியோர் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். பதில் இதுதான்: வர மாட்டேன். சொல்லியாகிவிட்டது. இனி சந்தோஷமான விஷயங்கள்.

இப்போது தெருவே எனக்குப் பேசுகிறது. ரேஷன் கடை எந்த நாளில் விடுமுறை என்று நானே படிக்கிறேன். நம் வீட்டுப் பின்சந்தில் கம்பெனிக் குழாய் போகிறதே, அதில் ஒரு மஞ்சள் தகடு இருக்கிறது. அதன் மேல்தான் இத்தனை வருஷமாக லுங்கி காயப் போடுகிறேன். போன வாரம் லுங்கியை விலக்கிவிட்டுப் படித்தேன். 'அபாயம்'. ஒரு எழுத்துக்கூடத் திக்கவில்லை. டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

நீ பக்கத்து வீட்டுத் துரைக்குப் போனில் சொன்னதை அவன் சீட்டில் எழுதிக் கொடுத்தான். நீ அங்கே கிடார் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக, இங்கே விட்டுப்போன உன் இரண்டு எதிரொலிப் பெட்டிகளில் ஒன்று வேண்டும், எது நன்றாக இருக்கிறது என்று சோதித்துப் பார்த்து அனுப்பு என்று சொன்னாயாம். சோதித்துவிட்டேன். நீ சொன்னபடி கிடாரைப் பெட்டியோடும் ஸ்பீக்கரோடும் ஒயரில் மாட்டி, தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை தட்டினேன். ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்.

பச்சைப் பெட்டி: ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் நான் 'அம்மா' என்று சொல்ல முடிகிறது. அதற்கு மேல் குமிழ் திரும்பவில்லை. திரும்பி வரும் சத்தம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, சலவைக்குப் போய் வந்த சட்டை மாதிரி.

கறுப்புப் பெட்டி: அவசரக்காரன். 'அ' என்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒவ்வொன்றும் மேலே ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு வருகிறது. கடைசியில் வருவதற்கு முகமே இல்லை. 'ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சலும் உண்டாம், துரை சொன்னான். எனக்குக் கேட்கவில்லை.

எனக்குக் கறுப்பைத்தான் பிடிக்கிறது. சன்னமான சத்தம் எதுவும் என் காதில் ஏறுவதில்லை. கறுப்பும் சன்னமானதை உதிர்த்துவிட்டு மிச்சத்தை மட்டும் சொல்கிறது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே காது.

இன்னொரு வேடிக்கை. சோதனை முடிந்து கிடாரைப் பின்சுவர் ஆணியில் மாட்டினேன். ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டேன். நாலு மணிக்கு அதன் மேல் டீ கிளாசை வைத்தால் டீ ஆடுகிறது. கையை வைத்துப் பார்த்தேன். டொங். யாரும் கம்பியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி டொங். பேய் என்றால் டீ நேரத்திலா வரும்? பிறகுதான் பிடிபட்டது. நம் பின்சுவர் குழாயின் கான்கிரீட் திண்டோடு ஒட்டி இருக்கிறது. துறைமுகத்தில் கப்பல் நின்றால் சாயங்காலம் குழாயைத் திறக்கிறார்கள். குழாய் தட்டுகிறது, சுவர் தட்டுகிறது, கம்பி பாடுகிறது.

எந்தப் பெட்டியை அனுப்பட்டும்?

உன் நைனா
லியோனார்ட்


ஷில்லாங்
22 ஜூன் 2025

நைனா,

உன் கடிதத்தைக் கிடார் உறைக்குள் வைத்திருக்கிறேன். எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. 'வர மாட்டேன்' என்ற வரியில் மட்டும் பேனாவை எப்படி அழுத்தியிருக்கிறாய்! பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது. கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

பெட்டிகளை நீ சொன்ன மாதிரி எந்தக் கடைக்காரனும் சொன்னதில்லை. உள்ளே நடப்பது இதுதான். தண்ணீர் லாரி தெருமுனையில் நின்றால் நாம் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி வீடு வரைக்கும் கொண்டுவருவோமே, அதே மாதிரி பெட்டிக்குள்ளே சத்தம் கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் சிந்தும். வந்து சேர்ந்ததை மறுபடி லாரிக்கே கொண்டுபோய் மறுபடி கை மாற்றினால் இன்னும் குறையும். அதுதான் உன் போர்வை. பச்சையில் நிற்கும் ஆட்கள் அதிகம், கவனமான ஆட்கள். அதனால் நீண்ட இடைவெளி, குறைந்த சிந்தல். கறுப்பில் ஆட்கள் குறைவு, எல்லோரும் அவசரக்காரர்கள்.

இன்னும் ஒரு சோதனை மிச்சம். மூன்றாவது குமிழ் எத்தனை தடவை திரும்பச் சொல்லலாம் என்பதற்கானது. அதை மெதுவாக ஏற்று. ஒரு பெட்டி எவ்வளவு ஏற்றினாலும் அடங்கி நிற்கும். இன்னொன்று ஒரு இடத்துக்கு மேல் தன் குரலையே தின்று தின்று பெரிதாகும். கம்பியிலிருந்து கையை எடுத்தாலும் நிற்காது. அந்த இடம் வந்ததும் உடனே குமிழை இறக்கிவிடு. அடங்குகிற பெட்டியை எனக்கு அனுப்பு, இங்கே இருப்பவர்கள் சின்னப் பிள்ளைகள்.

பெட்டி விஷயம் முடிந்தது. நைனா, அந்தச் சுவரோரம் பாய் போட்டுத்தான் நான் வளர்ந்தேன். குழாய் உறுமும். வெயில் நாளில் முனகும். ஒரு நாளும் தட்டியதில்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனி ஆளைக் கூப்பிட்டுக் காட்டு. கிடாரை அந்த ஆணியிலிருந்து எடுத்துவிடு.

சில்வியா


மாதா கோயில் தெரு
3 ஜூலை 2025

சில்வியா கண்ணுக்கு,

மூன்றாவது குமிழ்! இதை ஏன் முன்பே சொல்லவில்லை?

பச்சை அடங்கி நின்றது. முழுக்கத் திருப்பியும் 'சரிங்க, சரிங்க' என்று முனகிக்கொண்டே இருந்தது. கறுப்பைத் திருப்பினேன். முக்கால் வரைக்கும் நல்ல பிள்ளை. அதற்கு மேல் ஒரு மயிரிழைதான் நகர்த்தினேன். கப்பல் வயிற்றுக்குள் நின்றால் கேட்குமே, அந்த மாதிரி அடியிலிருந்து ஒன்று எழுந்து வந்தது. எனக்கே கேட்டது சில்வியா! நெஞ்செலும்பில் கேட்டது. சந்தோஷத்தில் குமிழை இறக்க மறந்து நின்றேன். துரையின் கோழிகள் கூரை ஏறிவிட்டன. மீன் விற்றுவிட்டு வந்த கெங்கம்மா கூடையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"இன்னாய்யா அது, வூட்டுக்குள்ள யானை கட்டிக்கீறியா?"

"உன்னத் தேடித்தான் வந்துகினு கீது" என்றேன். துடைப்பத்தைத் தேடினாள்.

அவளுக்குப் பின்னாலேயே எழிலன் வந்தான். கானா பாடுகிறவன், சாவு வீட்டுக்கெல்லாம் கூப்பிடுவார்களே, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறானே, அவன்தான். பெட்டிகளைப் பார்த்தான். நான் பின்சுவரைக் காட்டினேன். நாலு மணி ஆனது. டொங் வந்தது. அவன் பச்சைப் பெட்டியைக் கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டச் சொன்னான்.

முதல் கடிதத்தில் நான் ஒன்று எழுதவில்லை, அப்போது அது முக்கியமாகத் தெரியவில்லை. குழாய் முதலில் தட்டியபோது இரண்டு தட்டுக்கு நடுவில் 'அம்மா வந்தாள்' என்று முழுசாகச் சொல்லலாம். பச்சை அவ்வளவு நேரம் தாங்காது, 'அம்மா' வரைதான். அதனால் பெட்டி திருப்பிச் சொல்வதும் குழாய் தட்டுவதும் ஒன்றோடு ஒன்று இடறிக்கொண்டன. இப்போது குழாய் கொஞ்சம் சுறுசுறுப்பாகிவிட்டது. பச்சையின் கடைசி அளவில் வைத்தால், பெட்டி திருப்பிச் சொல்லும் டொங் அடுத்த நிஜ டொங் மேல் போய்ச் சரியாக உட்காருகிறது. எழிலன் துள்ளிவிட்டான்.

"பெர்சு, இது சும்மா அல்ட்டாப்பா கீது! தப்பு வேணாம், டோலக்கு வேணாம். கம்பெனிக்காரனே நமக்கு வாசிக்கிறான்!"

அங்கேயே நின்று கட்டினான்:

"கொழாய்க்குள்ள குந்திகினு கொட்டுறான்டா எமன்,
கூப்புட்டாத்தான் வருவன்னு சொல்றான் ரொம்ப வெக்கம்."

சனிக்கிழமை பின்சந்தில் பாய் விரித்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். உன் அம்மா போன பிறகு என் வீட்டுக்கு இத்தனை பேர் வந்ததே இல்லை. ஒருத்தி வடை கொண்டுவந்தாள். நான் ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டு, பெரிய வாத்தியக்காரன் மாதிரி குமிழ் பார்த்தேன்.

நீ சொன்னபடி கம்பெனி ஆளையும் கூப்பிட்டேன். ஹெல்மெட் போட்டவர் வந்தார். குழாயில் காதை வைத்தார். "காத்துக் குமிழிதான் தாத்தா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார், துரை எழுதிக் காட்டினான். எனவே நீயும் பயப்படாதே.

பச்சையை அனுப்ப வேண்டும் என்று தெரியும். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?

உன் நைனா


ஷில்லாங்
13 ஜூலை 2025

நைனா,

இருக்கட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெட்டிக்காக அல்ல.

இங்கே எங்கள் பள்ளிக்குக் குழாய் போடும் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். உன் கடிதத்தை அவருக்கு இந்தியில் சொன்னேன். 'அம்மா வந்தாள்' 'அம்மா' ஆன கதையை அவர் இரண்டு தடவை கேட்டார். காற்றுக் குமிழி வேகம் பிடிக்காது என்றார். குழாயைத் திண்டோடு கட்டியிருக்கும் பிடி விட்டுப்போனால்தான் அப்படித் தட்டுமாம். தட்டத் தட்ட மற்றப் பிடிகளும் தளருமாம். தளரத் தளர வேகம் கூடுமாம். "எவ்வளவு வேகம் வரைக்கும்?" என்று கேட்டேன். அவர் "உங்கள் அப்பா வீடு எவ்வளவு தூரத்தில்?" என்று கேட்டார். சுவரே அதில்தான் ஒட்டியிருக்கிறது என்றேன். டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்தக் குழாயில் போவது தண்ணீர் இல்லை, கேஸ். உனக்குத் தெரியும். நான் ஏழாவது படிக்கும்போது ஒரு நாள் தெருவே கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடியது. நீ என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாய்.

கம்பெனிக்கு ஈமெயில் அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று வந்தது.

ராயபுரத்தில் லூர்து சித்தப்பா வீட்டுக்குப் போ. கிறிஸ்துமஸ் சண்டையில் நீயே ஜெயித்ததாக இருக்கட்டும், நான் தோற்றேன், போ. அந்தச் சந்தில் பாய் விரிக்க விடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

சில்வியா


மாதா கோயில் தெரு
12 ஆகஸ்ட் 2025

சில்வியா கண்ணுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் கை அல்ல. கை இப்போது ஓடுகிறது. என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

உன் கடிதத்தைப் பின்சந்தில் எல்லோருக்கும் நானே வாசித்துக் காட்டினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் வாசித்தேன். நிறுத்தாமல் வாசித்தேன். முடித்ததும் கை தட்டினார்கள். படித்ததற்குத்தான் தட்டினார்கள், விஷயத்துக்கு இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

"மலை மேல குந்திகினு உன் பொண்ணுக்கு நம்ம கொழாய் தெரியுதாக்கும்?" என்றாள் கெங்கம்மா. "கம்பெனி ஆளே ஒண்ணியும் இல்லன்னுட்டான்."

"அதான் கருத்துக்கு நன்றின்னு சொல்லிட்டான்ல, அப்புறம் இன்னாவாம்?" என்றான் எழிலன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் எப்படி இருப்பது? என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

ராயபுரம் போகலாம் என்றுதான் இருந்தேன். சட்டைகளை மடித்தும் வைத்தேன். ஆனால் நாலு மணிக்கு எல்லோரும் வாசலில் வந்து நின்று "பெர்சு, பொட்டியப் போடு" என்று கூப்பிடும்போது மடித்த சட்டை மடித்தபடியே கிடக்கிறது. நீ வீட்டில் இருந்த காலத்தில்கூட என்னை யாரும் வாசலில் நின்று கூப்பிட்டதில்லை. உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

பின்சுவரில் கிடார் ஆணிக்குக் கீழே ஒரு விரிசல் வந்திருக்கிறது. பென்சில் நுழையும். சந்தில் சாயங்காலம் ஒரு நெடி அடிக்கிறது. சுருக்கென்று மூக்கைப் பிடிக்கிறது, ஆனால் எண்ணூரில் என்றைக்கு நெடி இல்லை? துரை மட்டும் வருவதை நிறுத்திவிட்டான். அவன் கோழிகளில் இரண்டு சும்மாவே செத்துக் கிடந்தன. வெயில் என்கிறாள் கெங்கம்மா. ஆகஸ்டில் என்ன வெயில் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் எட்டு மாதா திருநாளுக்குப் பெரிய கச்சேரி என்று முடிவாகிவிட்டது. காசிமேட்டிலிருந்து, திருவொற்றியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அந்த வாரம் பெரிய கப்பல் வருகிறது, குழாய் நன்றாக வாசிக்கும் என்று எழிலன் துறைமுகத்தில் விசாரித்து வைத்திருக்கிறான். அதுவரைக்கும் தினம் ஒத்திகை.

இத்துடன் பச்சைப் பெட்டியைப் பழைய துண்டில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். இங்கே அதற்கு வேலை இல்லை. குழாய்க்கும் நமக்கும் கறுப்பே போதும். இப்போது இரண்டு தட்டுக்கு நடுவில் 'அ' மட்டும்தான் சொல்ல முடிகிறது.

நைனா


ஷில்லாங்
21 ஆகஸ்ட் 2025

நைனா,

பார்சலைப் பிரித்ததும் பச்சையைப் பார்த்தேன். உன் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. பச்சை வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குழாய் பச்சைக்கு எட்டாத வேகத்துக்குப் போய்விட்டது. பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

துரை அண்ணனுக்குப் போன் செய்தேன். "நீயே கேட்டுக்கம்மா" என்று சொல்லிவிட்டு, போனை உன் வீட்டு ஜன்னல் பக்கம் நீட்டினார். ஸ்பீக்கர் சத்தம், கைதட்டல், எழிலன் குரல். அதற்கெல்லாம் அடியில் அது. நைனா, நீ அதைக் கையால் தொட்டுத்தான் கேட்கிறாய். நான் காதால் கேட்டேன். அது தட்டுவது இல்லை. இரும்பு இரும்பைக் கடிக்கிறது. தட்டுக்குத் தட்டு ஒரு சின்ன அலறல் இருக்கிறது, சன்னமானது, உனக்கு எட்டாதது.

கம்பெனியில் எட்டு தடவை பேசினேன். கடைசியில் ஒருவர் "கப்பல் வரும் வாரம் குழாயை நிறுத்த முடியாது, அதற்குப் பிறகு பார்க்கிறோம்" என்றார். பிறகு என்றார், நைனா.

தேர்வு முடிந்து செப்டம்பர் ஆறாம் தேதி சனிக்கிழமை விமானத்தில் வருகிறேன். அதற்கு முன் பள்ளியில் லீவு தர மாட்டேன் என்கிறார்கள். அதுவரைக்கும் இரண்டே காரியம். ஒன்று, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் லூர்து சித்தப்பா வீட்டுக்குப் போய்விடு. இரண்டு, போவதற்கு முன் அந்தச் சந்தைக் காலி செய். சொல்லிக் கேட்காவிட்டால் கறுப்பின் மூன்றாவது குமிழை முழுக்கத் திருப்பு. ஸ்பீக்கர் கிழிந்தாலும் கிழியட்டும். அந்தச் சத்தத்தில் யாராலும் உட்கார முடியாது. உன்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். ஓடினால் போதும்.

அந்தக் குமிழை உடனே இறக்கு என்று சொன்னவளும் நான்தான். இப்போது திருப்பு.

சில்வியா


மாதா கோயில் கூடம், எண்ணூர்
5 செப்டம்பர் 2025

சில்வியா கண்ணுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. நாளைக்கு நீ வந்துவிடுவாய், தபால் உன்னைத் தாண்டிப் போய்விடும். சாபிரா டீச்சரிடம் கொடுத்து வைக்கிறேன். இப்போது கூடத்தில் வேறு யாரும் இல்லை. டீச்சர் தூரத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துகிறார். நான் நிதானமாக எழுதலாம்.

நீ சொன்னதைச் செய்தேன். உன் கடிதம் வந்த அன்றே செய்தேன். ஒத்திகை பாதியில் இருந்தது. எழிலன் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். நான் குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். அன்றைக்கு ஒரு மயிரிழைக்கே கோழிகள் கூரை ஏறின. இது முழுசு. பாத்திரங்கள் அலமாரியிலிருந்து இறங்கி வந்தன. குழந்தைகள் அழுவதை வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எல்லோரும் ஓடினார்கள். ஒரு நிமிஷத்தில் பாய்கள் மட்டும் கிடந்தன.

அணைத்ததும் கெங்கம்மாதான் முதலில் திரும்பி வந்தாள். என் முகத்துக்கு நேராக நின்று, எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னாள்.

"யோவ் கெய்வா, காதுதான் போச்சு, மூளையுமா போச்சு?"

எழிலன் ஒயரைப் பிடுங்கிப் பல்லால் கடித்து இரண்டாக்கி என் மடியில் போட்டுவிட்டுப் போனான். கம்பெனிக்காரன் எனக்குக் காசு கொடுத்துக் கச்சேரியைக் கெடுக்கச் சொன்னான் என்று தெருவில் பேச்சு. என் பெண்ணுக்கு வீட்டை விற்க வேண்டும், அதற்குத்தான் இந்த நாடகம் என்று இன்னொரு பேச்சு. வாசலில் நின்று என்னை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

அன்றைக்கே ராயபுரம் போய்விட்டேன். உன் பேச்சைக் கேட்டேன், அதை முதலில் எழுதிக்கொள். லூர்து வீட்டில் நல்ல கட்டில், மீன் குழம்பு, பேப்பர் வருகிறது, தலைப்புகள் எல்லாம் படிக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் மறுநாள் நாலு மணி ஆனதும் துரையிடம் கேட்கச் சொல்லி லூர்துவைப் போன் பண்ண வைத்தேன். "நீ இல்லன்னதும் அல்லாரும் வந்து குந்திட்டாங்கப்பா" என்றானாம் துரை. எழிலன் வேறு கிடார், வேறு பெட்டி கொண்டுவந்துவிட்டானாம். பின்சுவரின் வெளிப்பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டானாம்.

பஸ் ஏறினேன். வீட்டைத் திறந்து, ஒயரை முறுக்கி ஒட்டுப் போட்டு, குமிழைத் திருப்பினேன். ஓடினார்கள். மறுநாளும் அப்படியே. இப்போது தினம் மத்தியானம் இங்கே வந்து, சாயங்காலம் குழாயை மூடிய பிறகு ராயபுரம் போகிறேன். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். நீ சொன்ன இரண்டு காரியத்தில் ஒன்றைச் செய்தால் இன்னொன்று கெடுகிறது, நான் என்ன செய்யட்டும்? செவ்வாய்க்கிழமை காய்ச்சல். லூர்து என்னை விடவில்லை. அன்று முழுக் கூட்டமும் இருந்ததாம். கெங்கம்மா மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாளாம்.

கல் எறிகிறார்கள். ஓட்டில்தான் விழுகிறது. எனக்குச் சத்தம் கேட்பதில்லை, எனவே நஷ்டம் இல்லை.

குழாயைப் பற்றிக் கேட்பாய். கறுப்புக்கும் இப்போது வேலை இல்லை. 'அ' சொல்லக்கூட இடம் இல்லை. இடைவெளியை எவ்வளவு சிறிதாக வைத்தாலும் குழாய் அதற்குள் இரண்டு தட்டு தட்டிவிடுகிறது. நேற்று அதுவும் இல்லை. தட்டுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரே உதறலாகிவிட்டன. கிடார்க் கம்பி கம்பியாகத் தெரியவில்லை, புகை மாதிரித் தெரிகிறது. விரிசலில் என் கை நுழைகிறது. கம்பெனி ஆள் வந்து திண்டில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நேற்று சாயங்காலம் நான் கிளம்பிய பிறகு எழிலன் அந்த நாடாவை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு ஆடினானாம்.

நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். விமான நிலையத்திலிருந்து நேராக ராயபுரம் போ. லூர்து வீட்டில் உட்கார். இந்தத் தெருவுக்கு வராதே. நான் வந்து உன்னைப் பார்க்கிறேன்.

டீச்சர் வந்து எட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் ஒரு பிழையும் இல்லையாம். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். இல்லையாம். எனக்கு ஒரே சந்தோஷம்.

பெரிய கப்பல் காலையிலேயே வந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். அந்த அளவுக் கப்பலை நான் வேலை பார்த்த காலத்தில்கூடப் பார்த்ததில்லை. குழாயை எப்போது திறப்பார்கள் என்று தெரியவில்லை, இன்றைக்கு நாலு மணி வரை காத்திருக்க மாட்டார்கள் என்று துரை சைகையில் சொன்னான். அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்பிவிட்டான். என்னையும் கையைப் பிடித்து இழுத்தான்.

இன்னும் நிறைய எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் கூடத்து ஜன்னலில் கெங்கம்மா தெரிகிறாள். கக்கத்தில் பாய். பின்னால் மகள், மகள் இடுப்பில் அந்தக் குழந்தை. சந்துப் பக்கம்தான் போகிறார்கள்.

நிறுத்துகிறேன்.

நைனா